ஊருக்குள் போகாது

கழுத்துக்குக் கீழே, கணுக்காலுக்கு மேலே ஒரு முடி இருக்கக் கூடாது என்று உத்தரவாம். சவரம் செய்ய வந்த கதிரேசன் அதை ஏதோ கலெக்டர் ஆபீஸ் உத்தரவு மாதிரிச் சொல்லிவிட்டு, கட்டிலைச் சுற்றிப் பச்சைத் திரையை இழுத்து மூடி, நுரையைக் குழைத்து அணைஞ்சபெருமாளின் நெஞ்சில் அப்பினார். ஜில்லென்றது. மத்தியானம் மூன்று மணி. நாளைக் காலை ஏழு மணிக்கு இதே நெஞ்சில் ரம்பம் வைக்கப் போகிறார்கள். அதை நினைக்காமல் இருக்க வேண்டுமானால் வேறு எதையாவது நினைக்க வேண்டும், வேறு எதை நினைத்தாலும் அது ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு டவுன் பஸ் மாதிரி அதே இடத்துக்கு வந்து நிற்கிறது. பக்கத்து மேசையில் சம்மதக் காகிதம் கிடந்தது. நாலு பக்கம். கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு, காலியாக. காலையில் வந்த டாக்டர்ப் பிள்ளை அதை வாசித்துக் காட்டி, ஒவ்வொரு விரலாக மடக்கி விளக்கியது. ரத்தம் நிற்காமல் வரலாம், மறுபடி திறந்து பார்க்க வேண்டியிருக்கலாம். கிட்னி கொஞ்ச நாள் மக்கர் பண்ணலாம். நெஞ்செலும்பு கூடாமல் இழுக்கலாம், சீழ் வைக்கலாம். துடிப்பு தாளம் தப்பலாம். கை கால் விழலாம், வாய் கோணலாம். காலில் நரம்பு எடுத்த இடம் வீங்கலாம். எல்லாம் லாம், லாம் என்றே முடிந்தது. அணைஞ்சபெருமாளுக்குத் தெரிந்த லாம் எல்லாம் ஏறலாம், இறங்கலாம், உள்ளே போகலாம், படியில் நிற்காமல் மேலே வரலாம். அது கண்டக்டர் பயணிக்குக் கொடுக்கிற அனுமதி. இங்கே யார் யாருக்கு அனுமதி கொடுக்கிறார்கள்? வாயைப் பார்த்து, நீ தாராளமாகக் கோணலாம் என்று அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டுமாம். கடைசியில் அந்தப் பிள்ளை குரலைத் தாழ்த்தி, நூத்துக்கு ரெண்டு பேருக்கு உயிருக்கே ஆபத்து வரலாம் என்றது. நூற்றுக்கு இரண்டு என்றால் ஐம்பதுக்கு ஒன்று. ஒரு பஸ்ஸுக்கு ஒரு ஆள். முப்பத்தோரு வருஷம் கண்டக்டராகப் பஸ்ஸில் ஏறி இறங்கினவருக்கு இந்தக் கணக்குக்குக் காகிதம் வேண்டாம். வண்டி நிறைய ஆள் உட்கார்ந்திருக்கிறது, அதில் ஒருத்தர் போய்ச் சேர மாட்டார். எந்த சீட்? பின் சக்கரத்துக்கு மேலே உள்ளதா, படிக்கட்டுப் பக்கத்து ஜன்னலா? கண்டக்டர் சீட்டை அந்த ஐம்பதில் சேர்ப்பதில்லை, அது தனி. அந்த நினைப்பில் கொஞ்சம் தெம்பு வந்தது. ஓய்வு பெற்று ஒன்பது வருஷம் ஆகிறது, இனி நீயும் பயணிதான் என்பது ஞாபகம் வந்ததும் தெம்பு இறங்கிவிட்டது.

ஆடாம இருங்க அண்ணாச்சி என்றார் கதிரேசன். கத்தி மார்பின் நடுவில் ஒரு தடம் போட்டு இறங்கியது, வெள்ளை நுரைக்கு நடுவே கறுப்பாக ஒரு ரோடு. பைபாஸ். அந்த வார்த்தையை முதலில் கேட்டபோது அணைஞ்சபெருமாளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. மூன்று இடத்தில் அடைப்பு, பைபாஸ் பண்ண வேண்டும் என்று பெரிய டாக்டர் படம் போட்டுக் காட்டினார். ஊருக்குள் நெரிசல், வண்டி நகரவில்லை, சுற்றி ஒரு ரோடு போட்டு விட்டுவிடுவோம். இதை அணைஞ்சபெருமாளுக்கு விளக்குவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை. இருபத்திரண்டு வருஷம் அவர் வேலை பார்த்தது மதுரை திருநெல்வேலி பைபாஸ் வண்டியில். திருமங்கலம் போகாது, விருதுநகர் போகாது, சாத்தூர் போகாது. ஒரு நாளைக்கு எத்தனை தடவை அந்தப் போகாதைச் சொல்லியிருப்பார். பஸ் ஸ்டாண்டில் ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு, சாத்தூர் ஊருக்குள்ள போகுமா என்று கேட்பார்கள். போகாது. வழியிலதானே இருக்கு என்பார்கள். போகாது. உள்ளே ஏறி உட்கார்ந்துகொண்டு அப்புறம் கேட்கிற கெட்டிக்காரர்களும் உண்டு, அவர்களை வெயிலில் பைபாஸில் இறக்கி விடும்போது வாங்கின சாபத்தை எல்லாம் சேர்த்தால் இந்த நாலு பக்கம் காணாது. ஒரு கிழவி மண்ணை வாரித் தூற்றி, உன் நெஞ்சடைச்சுப் போக என்று சொன்னது காதிலேயே இருக்கிறது. சொன்னது பலித்துவிட்டது பார். ஆனால் ஊருக்குள் போகாத பாவத்துக்கு, ஊருக்குள் போகாத வைத்தியமா? இதில் இன்னொரு விஷயம் வேறு. தைக்கிற நேரம் முழுக்க இதயத்தை நிறுத்தி வைப்பார்களாம். கண்டக்டர் பாஷையில் ஹோல்டான். அது வரை ஒரு மெஷின் வேலை பார்க்குமாம். நிறுத்துவது சரி, அவரும் எத்தனையோ தடவை மோட்டல் வாசலில் நிறுத்தியிருக்கிறார். வண்டி பத்து நிமிஷம் நிக்கும், டீ காபி சாப்பிடறவங்க சாப்பிடலாம். அங்கேயும் லாம். பத்து நிமிஷம் கழித்து ரெண்டு விசில் கொடுத்தால் நாற்பத்தொன்பது பேர் ஓடிவந்து ஏறிவிடுவார்கள், ஒருத்தர் மட்டும் புதர்ப் பக்கம் ஒதுங்கினவர் வந்திருக்க மாட்டார். எப்போதும் ஒருத்தர் உண்டு. மறுபடியும் அந்த ஒருத்தர்.

எந்தக் கால்லருந்து எடுக்காகளாம் என்று கதிரேசன் கேட்டார், வயிற்றுப் பக்கம் இறங்கியபடி. இடது கால் என்றார் அணைஞ்சபெருமாள். பாவம் அந்தக் கால். ஓடுகிற வண்டியில் வலது கையில் டிக்கெட், இடது கையில் சில்லறை, மொத்த உடம்பையும் தாங்கினது அதுதான். அந்தக் காலின் நரம்பை உருவி நெஞ்சில் வைக்கப் போகிறார்கள். காலில் கிடந்தது நெஞ்சுக்கு ஏறுகிறது, டெப்போவில் அவருக்குக் கிடைக்காத புரமோஷன். அதுவாவது நல்லபடியாக இருக்கட்டும். அவர் நிஜமாகவே பயந்தது இந்த ரத்தம், கிட்னி, வாய்க்கு இல்லை. டாக்டர்ப் பிள்ளை போகிற போக்கில், இது பெரிய விஷயம் இல்லை தாத்தா என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே மடக்கிய சுண்டு விரலுக்குத்தான். சில பேர் மயக்கம் தெளிஞ்ச பிறகு ரெண்டு மூணு நாள் மாத்தி மாத்திப் பேசுவாங்க, பழசையெல்லாம் உளறுவாங்க, தானாகச் சரியாயிடும். பெரிய விஷயம் இல்லையாம். பக்கத்துக் கட்டில் சவுந்தரபாண்டியனைக் கேட்டால் தெரியும். போன வாரம் அறுத்தவர், தையல் ஆறிவிட்டது, துடிப்பு சுத்தம், நாளை மறுநாள் வீட்டுக்கு. ஆனால் அவர் மனைவி அவரோடு பேசி ஆறு நாள் ஆகிறது. கண் திறந்த அன்றைக்குக் காலையிலிருந்து சாயங்காலம் வரை, கண்ணில் பட்ட நர்ஸை எல்லாம் கோமதி, கோமதி என்று கூப்பிட்டிருக்கிறார். அந்த அம்மாள் பெயர் ராசாத்தி. தெளிந்த பிறகு கேட்டதற்கு, அவர் அரை மணி நேரம் யோசித்துவிட்டு, கோமதிங்கறது எங்க வீட்டுப் பசு என்றார். நான் வாக்கப்பட்டு வந்து நாப்பது வருஷமாச்சு, உங்க வீட்ல எருமைதான் இருந்துச்சு என்றாள் அந்த அம்மாள், அவ்வளவுதான், அப்புறம் வாயைத் திறக்கவில்லை. ஹார்லிக்ஸை நங்கென்று வைக்கிற சத்தம் மட்டும் வேளாவேளைக்கு வரும். சவுந்தரபாண்டியன் சத்தியமாகத் தனக்கே அந்தக் கோமதி யாரென்று தெரியவில்லை என்று அணைஞ்சபெருமாளிடம் ரகசியமாகச் சொல்லி அழுதார். தெரியாத கோமதிக்கே இந்தக் கதி. அணைஞ்சபெருமாளுக்கு உள்ளே கிடப்பதோ நன்றாகத் தெரிந்த விஷயம். அதற்குப் பெயர் அண்டா.

எவர்சில்வர் அண்டா. மாமியார் போன பிறகு மனைவி வேலுத்தாயின் பங்காக வந்து, இன்றைக்கும் வீட்டு அடுப்படியில் மூலையில் நிற்கிறது, குடிதண்ணீர் பிடித்து வைக்க. முப்பது வருஷத்துக்கு முந்தி, சித்திரை மாதம், அத்தை சீனியம்மாள் மகன் கல்யாணத்துக்காக மதுரை வெண்கலக்கடைத் தெருவில் வாங்கி, மகள் வேலுத்தாய் வீட்டில் ஒரு நாள் தங்கி, சாத்தூருக்குத் திரும்பினாள். வேலுத்தாய்தான், உன் மருமகன் வண்டியிலயே போம்மா என்று அனுப்பி வைத்தாள். அத்தை பாட்டுக்கு ஏறி, அண்டாவை மடியில் வைத்து, அதன் விளிம்புக்கு மேல் தலை மட்டும் தெரிய உட்கார்ந்துவிட்டாள். ஊருக்குள் போகுமா என்று ஊரே கேட்ட கேள்வியை அவள் கேட்கவில்லை. மாப்பிள்ளை பஸ் போகாமல் வேறு யார் பஸ் போகும்? அணைஞ்சபெருமாள் அண்டாவுக்கு லக்கேஜ் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். அதைக்கூட அவள் வெற்றிலை மடிக்கிற மாதிரி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு சிரித்தாள். சாத்தூர்ப் பிரிவு வந்தது. டிரைவர் சேர்மக்கனி, தங்கமான மனுசன், இப்போது இல்லை, திரும்பிப் பார்த்து, மாமியார்தானேப்பா, ஒரு சுத்துச் சுத்திப் போயிருவோம், பத்து நிமிஷம் என்றார். அணைஞ்சபெருமாள் ஒரு விசில் கொடுத்தார். ஊருக்குள்ள போகாது, ரூல்னா எல்லாருக்கும் ரூல்தான் என்றார் சத்தமாக. ரூலாவது ஒண்ணாவது. அதற்கு ரெண்டு வாரம் முந்தி மாமியார் வீட்டு விருந்தில், வாத்தியார் வேலை பார்த்த மூத்த மாப்பிள்ளைக்கு மீன் தலையும், அவருக்கு வாலும் விழுந்திருந்தது. அதுதான் ரூல். அத்தை அண்டாவைத் தூக்கிக்கொண்டாள். வாரேன் மாப்ளே என்று இறங்கினாள். ரெண்டு விசில். வண்டி நகர்ந்ததும் பின் கண்ணாடி வழியாகப் பார்த்தார். அந்த வெயிலில் அண்டாவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, கொடிக்கால் ரோட்டில் ஒரு அண்டா தனக்குக் கால் முளைத்துப் போகிற மாதிரிப் போய்க்கொண்டிருந்தாள். செருப்பு இருந்ததா? அந்த இடத்தில்தான் அவருக்கு ஞாபகம் முட்டி முட்டி நிற்கிறது. காலைப் பார்த்தாரா, பார்க்கவில்லையா? பார்த்திருந்தால் நிறுத்தியிருப்பாரே. பார்த்தும் நிறுத்தவில்லையோ? ஊர்த் தெரு அங்கிருந்து ரெண்டு கிலோமீட்டர். கதிரேசன் தொடையில் நுரை தடவும்போது அவருக்கு உடம்பு முழுக்க வெட்கம் ஏறியது, அம்மணமாகக் கிடக்கிற வெட்கம் இல்லை, வேறு.

அது அங்கே முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. ஒரு சண்டை, நாலு ஏச்சு, ஆறிப் போயிருக்கும். அடுத்த வாரம் வேலுத்தாய் ஊருக்குப் போய்விட்டு வந்தவள், வந்ததும் வராததுமாக அவருக்கு முட்டைப் பொரியல் வைத்து, கண் கலங்க, எங்கம்மா சொன்னா, நீங்க பஸ்ஸையே ஊருக்குள்ள திருப்பித் தெரு முக்குல இறக்கி விட்டீகளாமே, தெருவே நின்னு பாத்துச்சாமே என்றாள். அத்தை ஏன் அப்படிச் சொன்னாள்? மகள் மனசு கஷ்டப்படக் கூடாது என்றா, தன் மாப்பிள்ளையை ஊர் ஏசக் கூடாது என்றா, தன் அவமானம் தன்னோடு போகட்டும் என்றா? கேட்க முடியவில்லை. அடுத்த விருந்தில் அவர் இலையில் மீன் தலை விழுந்தது. அத்தையே பரிமாறினாள், நல்லாச் சாப்பிடுங்க மாப்ளே என்றாள். சாப்பிட்டார். முள் குத்தியது. போன மாதம் நெஞ்சில் முதல் முதலாக வலி வந்தபோது அவர் டாக்டரிடம் சொன்னதே, பழைய மீன் முள் ஒண்ணு இறங்காமக் கிடக்கு என்றுதான். அத்தை போய்ப் பதினாறு வருஷம் ஆகிறது. அவள் பிணத்தைச் சுற்றி நின்று அழுதபோதுகூட வேலுத்தாய், உனக்காகப் பஸ்ஸைத் திருப்பின மருமகன் வந்திருக்காகம்மா என்று சொல்லித்தான் அழுதாள். குடித்துவிட்டு வந்த நாலைந்து தடவை, பிள்ளை படிப்பைக் கவனிக்காதது, அவள் கம்மலைக் கேட்காமல் அடகு வைத்தது எல்லாவற்றையும் அந்த ஒரு பஸ்ஸை வைத்துத்தான் அவள் மன்னித்திருக்கிறாள். அவரிடம் இருக்கிற நல்ல சர்டிபிகேட் அது ஒன்றுதான், அதுவும் போலி. நாளை மறுநாள் மயக்கம் தெளிந்து, பக்கத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, இவர் பாட்டுக்குக் கண்ணைத் திறந்து, அத்தை இறங்கு, ஊருக்குள்ள போகாது என்று விசில் அடித்தால்? நூற்றுக்கு இரண்டில் ஒருவராகப் போய்விட்டால் விஷயம் பத்திரமாகக் கூடவே வந்துவிடும். மீதித் தொண்ணூற்றெட்டில் ஒருவராகப் பிழைத்தால்தான் ஆபத்து. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது அவருக்கே கொஞ்சம் திக்கென்றிருந்தது.

திரையை விலக்கிக்கொண்டு வேலுத்தாய் வந்தாள், ஆஸ்பத்திரிக்காரர்கள் எழுதிக் கொடுத்த துண்டு, பவுடர், தண்ணி பாட்டிலோடு. அறுபது வயது, முழங்கால் வலியோடு நாலு மாடி ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறாள், லிப்ட் என்றால் பயம். முடி மழித்து, உரித்த கோழி மாதிரிக் கிடந்த புருசனை ஒரு பார்வை பார்த்துப் போர்வையை இழுத்து மூடினாள். கதிரேசன் கணுக்காலைத் துடைத்துக்கொண்டே, அண்ணாச்சி கண்டக்டராமே என்று சும்மா கேட்டு வைத்தார். போச்சு. வேலுத்தாய் முகம் மலர்ந்தது. இவுக சாதாரணக் கண்டக்டர் இல்ல தம்பி என்று ஆரம்பித்தாள். சித்திரை வெயில், அண்டா, தெரு முக்கு, நின்று பார்த்த தெரு, ஒன்று விடாமல் வந்தது. கதிரேசன் நிஜமாகவே அசந்துபோய், பைபாஸ் வண்டியவா, நான் திருமங்கலத்துக்காரன், எங்களை ஒருத்தனும் ஊருக்குள்ள இறக்கி விட்டதில்லையே, நீங்க தெய்வம் அண்ணாச்சி என்று காலைத் தொட்டார். துடைப்பதற்காகவும் இருக்கலாம். அவர் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போன பிறகு வேலுத்தாய் பேனாவைத் திறந்து நீட்டினாள், டாக்டரம்மா ரெண்டு தடவை கேட்டுட்டாக என்று. அணைஞ்சபெருமாள் பேனாவை வாங்கவில்லை. உளறலில் வந்தால் அது உளறல், பாதி வந்து பாதி வராது, கோமதி மாதிரி ஆயுசுக்கும் தொங்கும். சொல்வதென்றால் இப்போது, ஒரு மயிர்கூட மறைக்க இல்லாத இந்த உடம்போடு.

“வேலு, அந்த பஸ் ஊருக்குள்ள போகலை.”

“எந்த பஸ்?”

“அத்தை வந்த பஸ். பைபாஸ்லயே இறக்கி விட்டுட்டேன்.”

அவள் துண்டை நாலாக மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள். “அண்டாவோடயா?”

“அண்டாவோடதான்.”

“டிரைவர் மாட்டேன்னுட்டாராக்கும்.”

இதோ ஒரு பைபாஸ் ரோடு திறந்து கிடந்தது. சேர்மக்கனி செத்து ஏழெட்டு வருஷம் ஆகிறது, சாட்சிக்கு வர மாட்டார். அந்த ரோட்டில் ஒரு காலை வைத்தும்விட்டார். பிறகு எடுத்துவிட்டார். “இல்ல. அவர் திருப்புவோம்னுதான் சொன்னார். நான்தான் விசில் குடுத்தேன். மூத்தவருக்கு மீன் தலையப் போட்டுட்டு எனக்கு வாலப் போட்டாகள்ல, அந்தக் கோவம்.”

வேலுத்தாய் அவரைப் பார்த்த பார்வையில், அறுபத்தேழு வயதில் ஒரு மனுசன் எவ்வளவு சின்னதாக ஆக முடியுமோ அவ்வளவு ஆனார். சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். நான் போனன்னிக்கு எங்கம்மா உள்ளங்கால் பூராக் கொப்புளம், கேட்டதுக்கு அடுப்படில சுடுதண்ணி கொட்டிருச்சுன்னா என்று மேசையைப் பார்த்துச் சொன்னாள். உள்ளங்கால்ல எப்படிம்மா சுடுதண்ணி கொட்டும்னு நான் கேக்கல பாருங்க என்றாள். அவர் கண் நிறைந்து வழிந்தது, துடைக்கவில்லை. அந்தப் பக்கத்துக் கட்டிலில் சவுந்தரபாண்டியன் இருமுவதுகூட நின்றிருந்தது, கேட்டுக்கொண்டிருக்கிறார். வேலுத்தாய் எழுந்து காகிதத்தை அவர் மடியில் வைத்து, பேனாவை விரல்களுக்குள் திணித்தாள்.

“இதுல எழுதியிருக்கது ஒண்ணுகூட உங்களுக்கு வரக் கூடாது. வாய் கோணாம, நினைவு தப்பாம, காது நல்லாக் கேக்க முழுசா வெளிய வாங்க. அதுக்குப் பெறகு இருக்கு உங்களுக்கு.”

அவள் இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. சாத்தூரிலிருந்து பெரியக்கா, மீன் தலை வாத்தியாரின் மனைவி. வேலுத்தாய் மூக்கைச் சிந்திவிட்டுத் திரைக்கு வெளியே போனாள். அணைஞ்சபெருமாள் பேனாவோடு கிடந்தார். சொல்லிவிடுவாள். இப்போதே சொல்லிவிடுவாள். சாயங்காலத்துக்குள் சாத்தூருக்குத் தெரியும், நாளைக்கு விருதுநகருக்குத் தெரியும், பதினாறாம் நாள் காரியத்தில் அவர் படத்துக்கு முன்னால் வைத்து இதைத்தான் பேசுவார்கள், அதுவும் சரிதான், பேசட்டும், பேச வேண்டிய விஷயம்தானே. நெஞ்சு அடித்துக்கொண்டது, நாளைக்கு நிறுத்தப் போகிறார்கள் என்று தெரிந்து இன்றைக்கே அடித்து முடித்துக்கொள்கிற அவசரத்தில். திரைக்கு அந்தப் பக்கம் வேலுத்தாய் பெரியக்கா சொல்வதை எல்லாம் ம், ம் என்று கேட்டாள். அக்கா என்ன கேட்டாளோ, பயமா இருக்கா என்று கேட்டிருக்கலாம். பிறகு அந்தக் குரல் வந்தது, முப்பது வருஷமாக அவர் கேட்டுப் பழகின அதே பெருமைக் குரல், மூக்கு மட்டும் கொஞ்சம் அடைத்திருந்தது.

“எனக்கென்னக்கா பயம். எங்கம்மாவுக்காகக் கவர்மெண்டு பஸ்ஸையே ஊருக்குள்ள திருப்பினவுக, அவுகளுக்கு ஒண்ணும் ஆகாது. ஆமா, தெரு முக்குல இல்லக்கா, வாசல்லயே நிறுத்தினாக. அண்டாவ யாரு தூக்கினா? இவுகதான். தலையில தூக்கிட்டுப் போயி அடுப்படில வச்சிட்டுத்தான் வண்டிய எடுத்தாக.”

அணைஞ்சபெருமாள் கண்ணை மூடிக்கொண்டார். முப்பது வருஷமாக அத்தை தலையில் இருந்த அண்டா இறங்கி இப்போது அவர் தலைக்கு வந்தது. கனமாகத்தான் இருந்தது. தலை அதற்குள்ளே போன மாதிரி இருட்டாகவும் இருந்தது, ஆனால் வெயில் படவில்லை. வெளியே வந்தாக வேண்டும், அவள் ஏசுவதைக் கேட்டாக வேண்டும், முதல் தடவையாக அவருக்கு அந்தத் தொண்ணூற்றெட்டில் ஒரு சீட் வேண்டும் என்று ஆசையாக இருந்தது, ஜன்னல் ஓரம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. காகிதத்தைப் புரட்டிக் கடைசிப் பக்கத்தை எடுத்தார். கோட்டின் மேல் கையெழுத்துப் போட்டார். பழக்கதோஷத்தில் கீழே பேட்ஜ் நம்பரையும் எழுதினார். டாக்டர்ப் பிள்ளை நாளைக் காலையில் இதைப் பார்த்துவிட்டுக் குழம்பப் போகிறது, குழம்பட்டும். அதற்கும் கீழே, பஸ் போர்டில் எழுதுகிற மாதிரிக் கொட்டை எழுத்தில், வழி: சாத்தூர் என்று எழுதி வைத்தார்.